ஊர்க் கபடிப் போட்டியில் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்த அனுபவம்

கடலூர் மாவட்டத்தில் பொங்கல் வந்தால் மின்னொளி கபடி நடக்காத ஊர் குறைவு. எங்கள் ஊரிலும் வருடா வருடம் உண்டு. இந்த முறை நோட்டீஸ் அடிக்கும் முன்பே பாதுகாப்பு விதிகளை ஒரு தாளில் எழுதி, விழாக் குழுவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம். எப்படி முடிந்தது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

2022 ஜூலையில் பண்ருட்டி பக்கம் ஒரு போட்டியில் இளைஞர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துபோனார். அந்த வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியது. அதன்பிறகும் குழுவில் பேச்செடுத்தபோது, "அதான் ஆம்புலன்ஸ் நிக்குமே, அப்புறம் என்ன தம்பி?" என்றுதான் பெரியவர்கள் கேட்டார்கள். ஆம்புலன்ஸ் வேண்டும்தான். ஆனால் அடிபடாமல் இருக்க என்ன செய்யப் போகிறோம் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், செயின் கூடாது, உடம்பில் எண்ணெய் கூடாது. இதெல்லாம் கபடி விதிகளிலேயே இருப்பதால் யாரும் மறுக்கவில்லை. ஸ்கோர் மேஜைக் காலில் ஒரு நகவெட்டியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம், அவ்வளவுதான்.

களம்தான் பெரிய வேலை வாங்கியது. ஆண்களுக்கான களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். எங்கள் திடலில் விளக்குக் கம்பங்கள் கோட்டை ஒட்டியே நிற்கும். கார்னரில் நிற்பவர் டேஷ் அடித்தால், அதாவது வேகமாக வந்து இடித்துத் தள்ளினால், ரெய்டர் (பாடிக்கொண்டு வருபவர்) நேராகக் கம்பத்தில்தான் போய் மோதுவார். தள்ளி நட்டால் களத்தில் நிழல் விழும் என்றார் லைட்காரர். கடைசியில் உயரமான கம்பங்களாகக் கொண்டுவந்து நான்கு மீட்டர் தள்ளி நட்டுக் கொடுத்தார். முன்வரிசை நாற்காலிகளையும் அதே அளவுக்குப் பின்னால் தள்ளினோம்.

அடுத்தது பனி. தை மாத இரவில் பதினோரு மணிக்கு மேல் மேட் நசநசவென்று ஈரமாகிவிடும். கால் வழுக்கி முட்டி திரும்பினால் லிகமென்ட் போய்விடும். ஏசிஎல் என்ற முட்டி லிகமென்ட் கிழிந்து ஆபரேஷன் செய்தவர்களுக்குக் களத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் என்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் பையனுக்கு அது ஒரு வருட வருமானம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் மேட்டைத் துடைக்க ஆள் போட்டோம். விடிய விடிய ஆடவிடக் கூடாது என்று அணிகளின் எண்ணிக்கையையும் குறைத்தோம். நுழைவுக் கட்டணம் குறைகிறதே என்று குழுவில் சண்டையே வந்தது.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது தலை அடி பற்றிய விதி. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் கிடையாது என்று எழுதினேன். "எழுந்து நடந்தா ஆடலாம்ல?" என்றார்கள் இளைஞர்கள். கிரிக்கெட்டைச் சொன்னேன். 2019இல் லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் பந்து கழுத்தில் பட்டு விழுந்த ஆஸ்திரேலியாவின் ஸ்மித், அன்றைக்கே திரும்பி வந்து பேட் செய்தார். மறுநாள்தான் தலை கிறுகிறுத்து விலகினார். அப்புறம் 2020 டிசம்பரில் கான்பெராவில், நம்ம நடராஜன் டி20யில் அறிமுகமான அதே ஆட்டத்தில், ஜடேஜா ஹெல்மெட்டில் அடிபட்டு அவருக்குப் பதிலாக சாஹல் இறங்கியது எல்லோருக்கும் நினைவிருந்தது. கபடியில் வெளியே ஐந்து மாற்று ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரை மாற்ற என்ன தயக்கம் என்று கேட்டதும் ஒத்துக்கொண்டார்கள்.

முடிவெடுப்பது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. கேப்டனுக்கோ நடுவருக்கோ அந்தப் பொறுப்பு போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் எங்கள் ஊர் அக்கா ஒருவரை உட்கார வைத்து, அவர் சொல்வதே முடிவு என்று தாளில் எழுதினோம்.

அரையிறுதியில் அதற்கு வேலை வந்தது. ரெய்டரின் தொடையைப் பிடிக்க (தை ஹோல்டு) பாய்ந்த பையனின் நெற்றிப் பொட்டில் ரெய்டரின் முட்டி பட்டது. சட்டென்று எழுந்து, ஆடத் தயார் என்பதுபோல் தொடையைத் தட்டினான். அக்கா உள்ளே போய், "தம்பி, கடைசியா பாயின்ட் எடுத்தது யாரு?" என்றார். "நாங்கதான்" என்றான். எடுத்தது எதிரணி. "இதுக்கு முந்தின மேட்ச் யாரோட ஆடினீங்க?" அவன் பதில் சொல்லாமல் ஸ்கோர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டு மருத்துவர்கள் களத்தில் கேட்கும் கேள்விகள்தான் இவை. பெயர், தேதி கேட்டால் அடிபட்டவர்கூடச் சரியாகச் சொல்லிவிடலாம், இப்போது நடந்ததைக் கேட்டால்தான் தடுமாறுவார்கள்.

"நல்லாத்தானேக்கா இருக்கான்" என்று கேப்டன் கத்தினார். அக்கா அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவன் வாந்தி எடுத்தான். ஆம்புலன்ஸில் அனுப்பி ஸ்கேன் பார்த்ததில் ரத்தக் கசிவு இல்லை. அந்த அணி தோற்றது. எங்கள் மேல் அவர்களுக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. இருந்தாலும் அந்த விதியைத் தளர்த்த மாட்டோம்.

எடைப் பிரிவுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. 60 கிலோவுக்குள் வரவேண்டுமென்று பையன்கள் முதல் நாளே சோறு தண்ணியை நிறுத்திவிட்டு, தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். காய்ந்த உடம்போடு எடை போட்டுவிட்டு அப்படியே களத்தில் இறங்குகிறார்கள். எடை மிஷின் பக்கத்தில் தண்ணீர், வாழைப்பழம், உப்பு சர்க்கரைக் கரைசல் வைத்தோம். அது போதாது. பிரிவையே எடுத்துவிட்டால் சின்னப் பையன்கள் கனத்த ஆட்களிடம் மாட்டுவார்கள். உங்கள் ஊரில் இதற்கு ஏதாவது செய்திருந்தால் சொல்லுங்கள். அடுத்த பொங்கலுக்கான கூட்டம் ஆடி முடிந்ததும் போடுகிறோம்.