கல்லீரல் மாற்று அறுவை நிபுணரை வேலைக்கு எடுத்த அனுபவம்

எங்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மதுரையில் இருக்கிறது. அங்கே ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. நான் ராமநாதபுரத்துக்காரன். கல்லீரல் கெட்டுப்போனவர்களைத் தொண்டியிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு அலையும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கல்லீரல் மாற்று அறுவை நிபுணர் என்ற இந்த ஒரு பணியிடத்தை எப்படியாவது நிரப்பிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

விளம்பரம் போட்டுவிட்டுக் காத்திருந்தால் இதற்கு ஆள் வராது. எம்.எஸ். அறுவைப் படிப்பு முடித்து, மேலே 3 வருடம் எம்.சிஹெச். என்ற உயர்படிப்பு, அப்புறம் பெரிய மையத்தில் சில வருடப் பழக்கம் என்று வந்தவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும். தெரிந்த மயக்கவியல் பேராசிரியர் ஒருவர் அப்படியொரு நிபுணரைப் பற்றிச் சொன்னார். வேலை சென்னையில், சொந்த ஊர் கீழக்கரை. பெருநாளுக்கு வந்திருந்தபோது வீட்டுக்கே போய்விட்டேன்.

சம்பளம் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வெள்ளைத்தாளை எடுத்து வரிசையாக எழுதினார்: மாற்று அறுவை பழகிய மயக்க மருத்துவர் இருவர், தீவிர சிகிச்சைக்குத் தனி ஆட்கள், ராத்திரியிலும் இயங்கும் ரத்த வங்கி, கல்லீரல் நோயில் டி.எம். என்ற உயர்படிப்பு முடித்த மருத்துவர், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்.

"நான் மட்டும் வந்தா ஓபி பார்க்கலாம் சார், மாற்று அறுவை பண்ண முடியாது" என்றார்.

நியாயமான பேச்சு. மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலை எடுக்கும் முன், அந்த மூளைச்சாவைக் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும். அப்படி உறுதிசெய்யும் மருத்துவர் குழுவில் மாற்று அறுவை செய்பவர்கள் இருக்கக் கூடாது. அதற்கும் தனி ஆட்கள் வேண்டும். 1994ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டப்படி மருத்துவமனைக்குப் பதிவுச் சான்று வாங்கி, 5 வருடத்துக்கொரு முறை புதுப்பிக்கவும் வேண்டும்.

தாளை அப்படியே நிர்வாகக் கூட்டத்தில் வைத்தேன். ஒருவருக்குச் சம்பளம் கேட்டுவிட்டு ஒரு பிரிவையே கேட்கிறீர்களே என்றார்கள். பாதி ஆட்களோடு தொடங்கி நோயாளியை மேசையில் படுக்கவைப்பது பாவம் என்று சொல்லிவிட்டேன். இழுபறிக்குப் பிறகு சரி என்றார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி அவருடைய வாப்பாவால் சேர்ந்தது. கீழக்கரையில் டீ கொடுத்துக்கொண்டே, "ஆபரேஷன் முடிஞ்சு ஊருக்கு வர்றவங்க ஒவ்வொரு தடவையும் மதுரைக்கு ஓடணுமா தம்பி?" என்று கேட்டிருந்தார். வைத்த கல்லீரலை உடம்பு ஒதுக்காமலிருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை ராமநாதபுரத்தில் ஓபி, ரத்த மாதிரி எங்கள் வண்டியிலேயே மதுரைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டாவது மயக்க மருத்துவர் இன்னும் கிடைக்கவில்லை. அவர் வரும்வரை முதல் அறுவைக்குத் தேதி குறிக்கப்போவதில்லை.