காங்கேசன்துறைச் செய்திகளும் பழைய மாணவர்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையில் உள்ள காங்கேசன்துறையில் பள்ளிக்கூடம் சென்றவர்களில் பெரும்பாலோர் இன்று காங்கேசன்துறையில் இல்லை. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது, எங்கள் ஊர் அடங்கிய வலிகாமம் வடக்குப் பிரதேசத்தின் கரையோர ஊர்கள் வெறுமையாகத் தொடங்கின. மக்கள் விட்டுச்சென்ற அந்த நிலம் பின்னர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. ஊர்ப் பாடசாலையான நடேஸ்வராக் கல்லூரியும் தன் வளாகத்தை விட்டு இடம்பெயர்ந்து இயங்கி, 2016ஆம் ஆண்டுதான் மீண்டும் சொந்த மண்ணுக்கு வந்தது. இடையில் கழிந்தவை 26 ஆண்டுகள். ஊர் என்று கைகாட்ட இடமே இல்லாதிருந்த அந்தக் காலம் முழுவதும் ஊரின் செய்தியைச் சுமந்து திரிந்தவர்கள் அங்கே ஒன்றாகப் படித்தவர்கள்தாம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

உறவினர்கள் அதைச் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார்கள், ஆனால் உறவினரின் செய்தி உறவுக்குள்ளேயே நின்றுவிடும். காங்கேசன்துறையோ ஒரே வகைக் குடிகள் வாழ்ந்த ஊரன்று. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, துறைமுகம், கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி வந்து நிற்கும் கடைசிப் புகையிரத நிலையம் ஆகிய மூன்றும் பல இடங்களிலிருந்து மனிதரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. ஆகையால் தோட்டம் செய்தவரின் பிள்ளையும், கடற்றொழிலாளியின் பிள்ளையும், தொழிற்சாலை விடுதியில் குடியிருந்த அலுவலரின் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். இவர்களுக்குள் கொண்டான் கொடுத்தான் உறவு கிடையாது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவரை அழைக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஊர் கலைந்த பிறகு, ஒரு குடும்பம் இடம்பெயர்ந்தோருக்கான கோணப்புலம் முகாமில் இருக்கிறதா, வன்னிக்குப் போய்விட்டதா, கடல் கடந்துவிட்டதா என்பதை இந்தப் பல திசைகளுக்கும் கொண்டுசென்றது வகுப்பறைப் பழக்கம் ஒன்றுதான்.

செய்திகளில் முதன்மையானது மரணச் செய்தியாகவே இருந்தது, இன்றும் அப்படித்தான். தொண்ணூறுகளின் முற்பாதியில் மின்சாரமில்லாத குடாநாட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்து, இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்களை மக்கள் கூடியிருந்து கேட்டார்கள். இப்போது அதே அறிவித்தல் இணையத்தில் நிழற்படத்தோடு வருகிறது. காங்கேசன்துறையைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவையோ லண்டனையோ வதிவிடமாகவும் கொண்ட ஒருவர் காலமானார் என்று தொடங்கி, அன்னாரின் பெற்றோர், துணை, மக்கள், சகோதரர், மைத்துனர், பேரப்பிள்ளைகள் என்று பெயர்கள் நீண்டு செல்லும். வெளியார் அந்தப் பெயர்ப்பட்டியலைக் கடந்துபோய்விடுவார்கள். ஒன்றாகப் படித்தவர்களுக்கோ முப்பது ஆண்டுகளாகத் தேடியும் கிடைக்காத விலாசம் அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஜேர்மனியில் இருக்கிறாள் என்பதை, எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியரின் மரண அறிவித்தலில் மருமகள் என்ற இடத்தில் அவள் பெயரைக் கண்டுதான் அறிந்தோம். ஆசிரியரின் அந்தியேட்டிக் கிரியை முடிவதற்கு முன்பே அவள் எங்கள் வைபர் குழுவுக்குள் வந்துவிட்டாள். துக்கத்தின் ஊடாக இப்படி ஒருவரை மீட்டெடுப்பது எங்களுக்கு வழமையாகிவிட்டது.

காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதுதான் இந்தத் தொடர்பின் முழுப் பெறுமதியும் தெரிந்தது. 2016இல் நடேஸ்வராக் கல்லூரியைச் சூழ்ந்த பகுதிகளும், 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் திரும்பக் கிடைத்தன. உள்ளே போனவர்கள் கண்டது பற்றைக்காடு. பல இடங்களில் வீட்டின் அத்திவாரத்தைக்கூடக் காணவில்லை. வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, ஒழுங்கை என்னும் சிறு தெரு இருந்த தடமும் இல்லை. கையில் காணி உறுதி என்ற உரிமைப் பத்திரம் இருந்தாலும், அந்த உறுதியில் எழுதியிருக்கும் வடக்கெல்லைக் காரர் இறந்தும் தெற்கெல்லைக் காரர் எங்கோ குடியேறியும் போன பிறகு நிலத்தில் கோடு இழுப்பது எவ்வாறு? அந்நாட்களில் எங்கள் குழுவில் பகலிரவாக நடந்த உரையாடல்களை நான் மறக்கமாட்டேன். பற்றைகளுக்குள் நின்று ஒருவர் படம் அனுப்புவார். நோர்வேயில் வேலை முடிந்து வந்தவர் அதைப் பார்த்து, அந்தக் கிணற்றுக் கட்டுக்கு வலப்புறம் ஒழுங்கை இறங்கும், அதைத் தாண்டினால் உன் பெரியம்மா வீடு என்பார். கிணறுகளே இதில் பெரிதும் உதவின. யாழ்ப்பாணத்தில் கிணற்றுப் பங்கும், தண்ணீர் செல்லும் வாய்க்கால் உரிமையும், அதற்குப் போகும் வழியும் உறுதியிலேயே எழுதப்படுவதால், ஒரு பங்குக் கிணற்றை அடையாளம் கண்டுவிட்டால் அதைச் சுற்றியுள்ள பல காணிகள் தாமாகவே இடத்துக்கு வந்துவிடும். எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லாத இந்த அறிவு, சிறுவயதில் பள்ளிக்கூடம் விட்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து வீடு சேர்ந்தவர்களின் நினைவில்தான் இருந்தது.

ஊர் திரும்பிய பின் செய்தியின் போக்கு எனக்கு முழு நிறைவைத் தரவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் செய்தி மிகுதி: பேரப்பிள்ளையின் அரங்கேற்றம், ஐம்பதாவது பிறந்தநாள், கோடைகால ஒன்றுகூடல். அவையெல்லாம் நல்ல செய்திகளே, மகிழ்ந்து வாழ்த்துகிறோம். ஆனால் ஊரிலிருந்து வெளியே போகும் செய்தியோ விழா நாட்களோடு நின்றுவிடுகிறது. மாலை நேர வகுப்பு முடிந்து திரும்பும் பிள்ளைக்குப் பேருந்து கிடைக்கிறதா, உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவை விரும்பும் மாணவி எங்கே போக வேண்டியிருக்கிறது, தனியாக இருக்கும் வயோதிபத் தாயைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது யார் என்பவையெல்லாம் எங்கள் குழுக்களில் அரிதாகவே பேசப்படுகின்றன. மீள்குடியேறிய பகுதிகளுக்குப் பல குடும்பங்கள் திரும்பவே இல்லை. இடம்பெயர்ந்த இடங்களில் பிறந்து அங்கேயே படித்த பிள்ளைகளை அந்தப் பாடசாலைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப் பெற்றோர் தயங்குவது இயல்பே. இப்படி இருக்கையில், பழைய மாணவர்கள் சேர்க்கும் பணம் நுழைவாயில் வளைவுக்கும் பெயர்க்கல்லுக்கும் போவதைக் காட்டிலும், திரும்பி வந்த வீட்டுப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் போக்குவரத்துக்கும் காலை உணவுக்கும் போவதே முறை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருகிறேன். கட்டடம் படத்தில் தெரியும், பிள்ளையின் பேருந்துக் கட்டணம் படத்தில் தெரியாது. நம்மவர்கள் தயங்குவதற்கு வேறு பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கொடுக்கும் மனம் அவர்களிடம் குறையின்றி இருக்கிறது. எதற்குக் கொடுப்பது என்பதை ஊரில் வாழ்பவரிடம் கேட்டறியும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

இதற்காக எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து ஒரு சிறு ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறோம். ஊரில் வாழும் பழைய மாணவர்கள் மாதம் ஒருமுறை, தத்தம் வீதியில் என்ன நடக்கிறது என்பதை மூன்று நான்கு வரிகளில் எழுதி அனுப்புகிறார்கள்; எழுத நேரமில்லாதவர்கள் குரல் பதிவாக அனுப்ப, ஒருவர் அதை எழுத்தாக்குகிறார். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு கீரிமலையில் நிறைவுறும் நாட்களில் வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பலர் வருவார்கள். புகையிரதம் 2015 முதல் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடுவதால் வயதானவர்களும் துணிந்து வருகிறார்கள். அப்போது மண்டபம் எடுத்து விருந்து வைப்பதற்குப் பதிலாக, ஒரு பிற்பகல் ஊரில் உள்ளவர்களின் வீடுகளுக்குச் சென்று இருந்து பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம். வர விரும்பும் பழைய மாணவர்கள், எந்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதினீர்கள், எந்த ஒழுங்கையில் குடியிருந்தீர்கள் என்ற இரண்டு விவரங்களை உங்கள் வகுப்புக் குழுவில் எழுதிவிட்டால் போதும். உங்கள் பழைய அயலவர் யாராவது ஊரில் இருந்தால் அந்த வீட்டுக்கு உங்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு எங்களுடையது.