1.2 மீட்டர் படகில் 30 பேரை ஏற்றிப் பார்த்தேன்

கொச்சியில் வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோவில் வேலைக்குப் போய் வருகிறேன். 2023 ஏப்ரலில் தொடங்கிய சேவை. நூறு பேர் ஏறுகிற அலுமினியப் படகு, பேட்டரியில் ஓடுவதால் பேச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அதில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகும்போதுதான் இந்த எண்ணம் வந்தது: இவ்வளவு பெரிய படகு நுழைய முடியாத சின்ன நீர்வழிகளுக்கு, முப்பது பேர் போகிற மாதிரி, கூரையில் சூரியத் தகடு வைத்த ஒரு படகை நானே வரைந்து பார்த்தால் என்ன?

முதலில் ஆதித்யாவைப் போய்ப் பார்த்தேன். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிற சூரியசக்திப் படகு. 75 பேர், 20 மீட்டர் நீளம், கூரையில் 20 கிலோவாட் தகடு, 50 கிலோவாட் மணி பேட்டரி, அடியில் இரண்டு ஒல்லியான உடல்கள். இந்த இரட்டை உடல் படகைக் கேட்டமரான் என்கிறார்கள். பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, ஆனால் மரங்களைச் சேர்த்துக் கட்டும் நம் கட்டுமரம் வேறு, நடுவில் தண்ணீர் ஓடுகிற இது வேறு. உடல் ஒல்லியாக இருந்தால் அலை குறைவாக எழும். கரை அரிக்காது, பக்கத்தில் போகிற சின்ன வள்ளமும் ஆடாது. தூத்துக்குடியில் ஓடாவியாக, அதாவது மரப்படகு கட்டும் தச்சராக வேலை பார்த்த என் பெரியப்பா இதைப் போனில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தண்ணிய இடிக்கக் கூடாதுல, வழுக்கிட்டுப் போவணும்."

என் படகு நிஜத்தில் 12 மீட்டர். மாதிரியைப் பத்தில் ஒன்றாக, 1.2 மீட்டரில் செய்தேன். இந்த அளவை எடுத்ததில் ஒரு வசதி உண்டு, எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆறு டன் படகுக்கு ஆறு கிலோ மாதிரி. வேகத்தை மட்டும் பத்தால் வகுக்கக் கூடாது, பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், அப்போதுதான் அலை நிஜத்தில் எழுகிற மாதிரியே எழும். நிஜத்தில் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் என்றால் மாதிரி நொடிக்கு ஒரு மீட்டர் போக வேண்டும்.

தெர்மாகோலைச் செதுக்கி மேலே ஃபைபர் மேட் ஒட்டுவது திட்டம். கடையில் ஃபைபர் ரெசின் என்று கேட்டேன், பாலியெஸ்டர் ரெசினைக் கொடுத்துவிட்டார்கள். பூசிய பத்து நிமிடத்தில் தெர்மாகோல் கரைந்து குழி குழியாகிவிட்டது. நான்கு வார இறுதி போயிற்று. தெர்மாகோல் மேல் எபாக்சி மட்டும்தான் பூச வேண்டும், செய்யப்போகிறவர்கள் முதலில் ஒரு துண்டில் தடவிப் பாருங்கள். இரண்டாவது தடவை சரியாக வந்தது. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, கைக்கு வழுவழுவென்று ஆனபோது அப்படி ஒரு சந்தோஷம்.

இழுத்துப் பார்க்க நண்பரின் மீன் குளம் கிடைத்தது. கரையில் ஒரு தென்னை. அதில் ஏழு மீட்டர் உயரத்தில் கப்பி கட்டி, கயிற்றில் இன்னொரு நகரும் கப்பி கோத்து, அதில் நட்டு போல்ட்டைத் தொங்கவிட்டேன். எடை ஆறு மீட்டர் இறங்கினால் படகு பன்னிரண்டு மீட்டர் நகரும், கயிற்றில் இழுப்பு தொங்குகிற எடையில் பாதி. கையால் ஒரு தள்ளு கொடுத்துவிட்டுக் கடைசி ஐந்து மீட்டருக்கு நேரம் பார்ப்பேன், ஐந்து நொடி வரும் வரை போல்ட்டைக் கூட்டிக் குறைப்பது. இரண்டு உடலும் 20 செ.மீ. தள்ளி இருந்தபோது 115 கிராம் இழுப்பு கேட்டது. 26 செ.மீ. ஆக்கியதும் 102 கிராமாக இறங்கியது. அந்த 26-லேயே நிறுத்திவிட்டேன்.

இதை அப்படியே ஆயிரத்தால் பெருக்கினால் தப்பு, சின்ன மாதிரியில் உராய்வின் பங்கு கூடுதலாக இருக்கும். அதைக் கழித்து, புரொப்பெல்லரில் பாதி வீணாகும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 6 நாட்டுக்குச் சுமார் நாலரை கிலோவாட் வருகிறது. தினம் ஆறு மணி நேரம் ஓடினால் 27 யூனிட். கூரையில் 6 கிலோவாட் தகடு வைக்கலாம், வெயில் நாளில் 24 யூனிட் கிடைக்கும். மழைக்காலத்தில் கரையில்தான் சார்ஜ் போட வேண்டும். வேகத்தைக் கூட்டச் சொன்ன நண்பர்களுக்கு: 8 நாட் போக இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும், 3 கிலோமீட்டர் பயணத்தில் மிச்சமாவது நான்கு நிமிடம். எனக்கு அது வேண்டாம்.

அப்புறம் ஆட்களை ஏற்றினேன். ஆளுக்கு 75 கிலோ, மாதிரியில் 75 கிராம். மணலை நிறுத்து முப்பது பொட்டலம் கட்டினேன். எல்லாவற்றையும் பரப்பி வைத்ததும் படகு 17 மி.மீ. அமிழ்ந்தது, நிஜத்தில் 17 செ.மீ. ஒல்லி உடலுக்குக் கொடுக்க வேண்டிய விலை இது, எடை ஏற ஏறச் சட்டென்று இறங்கும். இது தெரிந்ததுதான். தெரியாமல் இருந்தது அடுத்தது. கரை வந்தால் எல்லோரும் எழுந்து கதவுப் பக்கம் போவார்கள் இல்லையா, நான் கதவை முன்னால் வைத்திருந்தேன். பன்னிரண்டு பொட்டலத்தை அங்கே நகர்த்தியதும் அணியம், அதாவது படகின் முன்முனை, இன்னும் 18 மி.மீ. குனிந்தது. மிதக்கும் மேடை போட்டாலும் அது நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்குத்தான் ஈடு கொடுக்கும், படகு தானாகக் குனிவதற்குக் கொடுக்காது. ஆள் இறங்க இறங்க வாசல்படியின் உயரம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு படகுத் துறையில் மீன் கூடையோடு ஒரு பாட்டி, கை கொடுக்க யாராவது வருவார்களா என்று நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டி தனியாக ஏறி இறங்க முடியாத படகை நான் வரைந்து என்ன பயன்?

கதவை நடுப்பக்கவாட்டுக்கு மாற்றினேன். அதே பன்னிரண்டு பொட்டலம், இப்போது வாசல் 11 மி.மீ. மட்டும் இறங்கியது. ஆனால் பேட்டரிப் பெட்டி அந்த இடத்தில்தான் இருந்தது. அதை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு உடலிலும் ஒன்று வைக்கப்போகிறேன். அதற்கு மேல்தட்டை அறுக்க வேண்டும்.

ஆகாயத்தாமரைக்கு இன்னும் வழி தெரியவில்லை. மழைக்காலத்தில் காயல் நிறைய மிதந்து வந்து புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். கம்பி வலை போட்டால் வலையே அடைத்துக்கொள்கிறது, குளத்தில் பார்த்துவிட்டேன். புரொப்பெல்லருக்கு முன்னால் தண்டில் ஒரு சின்ன பிளேடு பொருத்தி அறுக்க வைக்கலாம் என்று பெரியப்பா சொல்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கு ஆகாயத்தாமரையோடு குளத்துக்குப் போகிறேன்.