மேலூர்ப் பக்கம் சீனாவைப் பற்றிப் பேசியது

மதுரையில் இயக்கத் தோழர்கள் சிலர் கைக்காசு போட்டு நடத்திய ஒரு மாத இதழில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். பின்னால் அதுவே ஒரு யூடியூப் சேனலாகவும் ஆனது. உதவி ஆசிரியர் என்று பேர். டி.டி.பி. ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துவது, சிம்மக்கல் பேப்பர் கடையில் கடன் சொல்வது, ரேப்பர் சுற்றி முகவரி ஒட்டுவது, மாட்டுத்தாவணியில் வெளியூர் பஸ்ஸில் பார்சல் ஏற்றிவிடுவது எல்லாம் அந்தப் பேருக்குள்ளேயே அடங்கும். சம்பளம் வந்த மாதங்களும் உண்டு.

ஆசிரியர் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, தொழிற்சங்கத்திலேயே ஊறிப்போனவர். எந்தக் கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதல் பக்கத்தைக்கூட முடிக்காமல் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்து ஒன்றையேதான் கேட்பார்: "சரிப்பா, இதுல மதுரைக்காரனுக்கு என்ன இருக்கு?" ஈராக் போர் என்றாலும் இதே கேள்வி, உலக வங்கிக் கடன் என்றாலும் இதே கேள்வி. அது பாதி சரி, பாதி தப்பு என்பது என் கட்சி. அவரிடமே பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1999 நவம்பரில் சியாட்டில் நகரத்தில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்தது. பெரிய ஊடகங்கள் நம்மைப் பற்றி ஒழுங்காகச் சொல்லாது என்று போராடியவர்களே கேமராவும் கையுமாக இறங்கி, இண்டிமீடியா என்று ஒரு வலைத்தளம் தொடங்கித் தாங்களே செய்தி போட்டார்கள். அந்தக் காற்று இங்கேயும் அடித்தது. நாமே எழுதுவோம், நாமே அச்சடிப்போம் என்ற வேகம் எங்களுக்கும் வந்தது. எழுதினோம், ஆனால் எப்படி எழுதினோம்? முதல் பக்கத்தில் ஏகாதிபத்தியம், மூன்றாம் பக்கத்தில் நிதிமூலதனம், கடைசிப் பக்கத்தில் கண்டன ஆர்ப்பாட்ட அறிவிப்பு. பெரியார் பஸ் நிலையத்தில் கையில் வைத்து விற்கப் போனால் காசைக் கொடுத்துவிட்டு, இதழை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ சாப்பிட்டீங்களா தம்பி" என்பார்கள். எங்கள் இதழைப் பரிதாபப்பட்டு வாங்கியவர்கள்தான் அதிகம்.

அது மாறியது மருந்து விஷயத்தில். 1970ஆம் வருடச் சட்டப்படி இங்கே மருந்தின் செய்முறைக்குத்தான் காப்புரிமை. வேறு முறையில் அதே மருந்தைச் செய்து குறைந்த விலைக்கு விற்கலாம், இந்திய மருந்துக் கம்பெனிகள் வளர்ந்ததே அப்படித்தான். உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது, 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கே காப்புரிமை என்றானது. நான் அந்த அமைப்பின் ஒப்பந்தத்து ஷரத்துகளை வரிசையாக வைத்து நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். ஆசிரியர் வழக்கம்போலத் திருப்பிக் கொடுத்தார். சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து போகும் மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தோழர், ஷரத்தெல்லாம் யாரு படிப்பா? ஒரே ஒரு மாத்திரையை எடுத்துக்கங்க" என்றார்.

அவர் சொன்ன மாத்திரை கிளீவெக். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தருவது. அப்போது நோவார்ட்டிஸ் கம்பெனியின் மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஆகும், இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து எட்டாயிரம், பத்தாயிரத்தில் கிடைக்கும். அதற்குக் காப்புரிமை தர மறுத்தது சென்னையில் இருக்கும் காப்புரிமை அலுவலகம். ஏற்கெனவே இருக்கும் மருந்தை லேசாக மாற்றிவிட்டுப் புதுக் காப்புரிமை கேட்கக்கூடாது என்கிற, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்துக் கம்பெனி வழக்குப் போட்டதும் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். 2007இல் அங்கே தோற்று, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. மொராக்கோ நாட்டின் மராகேஷில் போட்ட ஒப்பந்தம் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போகிற தூரத்தில் விசாரணைக்கு வந்திருக்கிறது, நான் ஷரத்துகளை எழுதிக்கொண்டிருந்தேன்!

பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியும் போட்டோம். அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த ஆரோலேப் 1992 முதல் கண்புரை அறுவைக்கு வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்கிறது. அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ் சாதாரண ஆட்களுக்கு எட்டாத விலை. இந்த ஊரில் கண்புரைக்கு லென்ஸ் வைத்த ஒரு அப்பத்தாவோ தாத்தாவோ இல்லாத தெரு இருக்காது. மருந்தையும் லென்ஸையும் யார் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று எங்கேயோ முடிவாகிறது என்பதற்கு அதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த இதழை மெடிக்கல் ஷாப்காரர்கள் கேட்டு வாங்கி மேஜை மேல் வைத்தார்கள்.

இதழின் பின்னட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்போம். முறைப்படி பதிவு செய்யாத சிற்றிதழ்கள் எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்ளும். அந்தக் காலத்தில் பதிவு இருந்தால் செய்தித்தாளுக்கான சலுகைத் தபால் கட்டணம், பைசாக் கணக்கில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் புக் போஸ்ட், இதழின் விலையில் நல்ல பங்கு ஸ்டாம்பிலேயே போய்விடும். பதிவு செய்யலாமா வேண்டாமா என்று எங்கள் கூட்டங்களில் நடந்த விவாதம் ஈராக் போரைப் பற்றிய விவாதத்தைவிட உக்கிரமாக இருக்கும். அரசாங்கத்திடம் போய்ப் பேர் பதியலாமா என்று ஒரு அணி, ஸ்டாம்புக் காசை யார் தருவது என்று ஒரு அணி. நான் இரண்டாவது அணி, ஏனென்றால் ஸ்டாம்பு ஒட்டியது நான்.

நடுவில் கொஞ்ச காலம் ஒரு சமுதாய வானொலியிலும் வேலை செய்தேன். 2006இல் தொண்டு நிறுவனங்களும் இந்த உரிமம் வாங்கலாம் என்று ஆனபோது எங்களுக்கெல்லாம் பெரிய உற்சாகம். 100 வாட் சக்தி, சுற்றுவட்டாரத்துச் சில ஊர்களுக்குக் கேட்கும், போதாதா? ஆனால் உரிம விதிப்படி சொந்தமாகச் செய்தி வாசிக்கக்கூடாது, அரசியல் நிகழ்ச்சி கூடாது. கிணற்று நீரைப் பற்றிப் பேசலாம், கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிப் பேசலாம். யூரியா விலை ஏறியது என்று வேளாண் நிகழ்ச்சியில் வாய் தவறி வந்துவிடும், ஏன் ஏறியது என்று ஒருவர் கேட்டதும் பாட்டுப் போட்டுவிடுவோம். அங்கே அதிக நாள் இருக்க முடியவில்லை. இதழும் ஸ்டாம்பும் பரவாயில்லை என்று திரும்பி வந்தேன்.

சேனல் தொடங்கிய பிறகு ஆசிரியரின் கேள்விக்கு இன்னும் நல்ல காலம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. நாம் இறக்குமதி செய்துகொண்டிருந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்தது. அந்த விலை ஏறியதும் எல்லோரும் பாமாயில் பக்கம் திரும்ப, ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா தன் ஊர் விலையைக் காப்பாற்றப் பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. மே 23 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. ஆரப்பாளையத்தில் ஒரு டீக்கடையில் கேமராவை வைத்தோம். வடை மாஸ்டர் மாவைக் கையில் தட்டிக்கொண்டே, "ரஷ்யாக்காரன் சண்டை போட்டா என் வடை எதுக்குண்ணே சிறுக்கணும்?" என்றார். அந்த ஒரு வரியிலிருந்து கீவ், ஜகார்த்தா, பொட்டாஷ் உர மூட்டை என்று எங்கெங்கோ போய் வர முடிந்தது. பொட்டாஷில் ரஷ்யாவும் பெலாரஸும் பெரிய ஏற்றுமதியாளர்கள், நாமோ கிட்டத்தட்ட முழுக்க வெளியிலிருந்துதான் வாங்குகிறோம். வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயிகள் அந்தக் காணொளியைத்தான் அதிகம் பகிர்ந்தார்கள்.

இவ்வளவு தூரம் ஆசிரியர் பக்கம்தான் பேசியிருக்கிறேன். இனி என் பக்கம்.

2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கியபோது எங்கள் கூட்டத்தில் அதே கேள்வி வந்தது. இதில் வடையும் இல்லை, பொட்டாஷும் இல்லை. மதுரைக்காரனுக்கு என்ன இருக்கு? பெட்ரோல் விலை ஏறும் என்று ஒரு கோணம் சொன்னார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அங்கே ஆஸ்பத்திரி இடிகிறது, நாம் இங்கே லிட்டருக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்ப்பதா? எதைச் சொன்னாலும் உனக்கு இதில் என்ன நஷ்டம் என்று காட்டினால்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்று நினைப்பது ஜனங்களைக் கேவலமாக எடைபோடுவது.

அதற்குள் சேனலின் பின்னூட்டத்தில் வந்த முதல் கேள்விகள் விலையைப் பற்றி இல்லை. காஸா எவ்வளவு பெரிசு, ரஃபா எந்தப் பக்கம், கடல் இருக்கிறதே படகில் தப்பிக்க முடியாதா, மேப் போடுங்க சார் என்று கேட்டார்கள். போட்டோம். மொத்தம் 365 சதுர கிலோமீட்டர், நம் மதுரை மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. நீளம் 41 கிலோமீட்டர், கிட்டத்தட்ட மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற தூரம். அகலம் பல இடங்களில் ஆறு, ஏழு கிலோமீட்டர்தான், பெரியார் பஸ் நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணி போகிற மாதிரி. அதற்குள் இருபது லட்சத்துக்கு மேல் ஜனங்கள். பழைய ஆட்கள் சிலருக்குப் பாலஸ்தீனத் தலைவர் அராபத்தை நினைவிருந்தது, 1988இலேயே இந்தியா பாலஸ்தீனத்தை அங்கீகரித்ததையும் எடுத்துச் சொன்னார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஆட்டோக்காரர் ஒருவர் ஆசிரியரிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "சாகுறவன் மதுரைக்காரனா இருந்தாத்தான் பேசுவீங்களாண்ணே?"

ஆசிரியருக்கு முகம் கொஞ்சம் மாறியது. பிறகு அவரே, 83 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வெட்டியபோது மில் வாசலில் உண்டியல் குலுக்கியதை, வாரச் சம்பளத்திலிருந்து ஆட்கள் போட்டுவிட்டுப் போனதைச் சொன்னார். ஆனையூரிலும் திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் வந்ததெல்லாம் அப்புறம். உண்டியலில் போட்டவர்கள் தங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டுவிட்டுப் போடவில்லை. அவர் இதைச் சொன்னது எனக்காகவா, ஆட்டோக்காரருக்காகவா என்று தெரியாது, ஆனால் காஸாவைப் பற்றிய முழுக் காணொளிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. உள்ளூர் என்பது அளந்து பார்க்கிற கோலாக இருக்கலாம், உள்ளே விடுகிற டிக்கெட்டாக இருக்கக் கூடாது என்று நான் அன்றைக்குச் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

டங்ஸ்டன் விஷயத்தில் எங்கள் இரண்டு கட்சிக்கும் வேலை வந்தது. 2024 நவம்பரில் மேலூர் வட்டாரத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது என்று செய்தி வந்தது. அரிட்டாபட்டி அதற்குள் வருகிறது. தமிழ்பிராமிக் கல்வெட்டும் சமணப் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் இருக்கிற ஊர், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மலையைக் காப்போம் என்று எல்லோரும் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் ஊர்க்கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டது வேறு: "அந்தக் கல்லை வச்சு அவுக என்னதான் செய்வாக?"

கே.புதூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மறுநாள் ஒரு கார்பைடு டிப்பைக் கொண்டு வந்தார். விரல் நகம் அளவு இருக்கும், மங்கிய சாம்பல் நிறம், அளவுக்கு மீறிய கனம். கூட்டத்தில் அதைக் கைக்குக் கை கொடுத்துப் பார்த்தார்கள். "இரும்பைச் சீவுறதே இதுதாம்மா, இது டங்ஸ்டன்" என்றார் அவர். உலோகங்களிலேயே அதிக உருகுநிலை, 3,400 டிகிரிக்கு மேல். பழைய குண்டு பல்பின் இழை, துளைபோடும் பிட், கவசத்தைத் துளைக்கும் குண்டு வரைக்கும் இது போகும். உலகத்தில் தோண்டுவதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சீனா கையில். அதனால்தான் மற்ற நாடுகள் எல்லாம் தங்கள் மண்ணில் தேடுகின்றன, அதனால்தான் 2023இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 24 முக்கியக் கனிமங்களை மத்திய அரசே ஏலம் விடலாம் என்று ஆக்கியது, அதனால்தான் உங்கள் ஊர் என்று வரிசையாகச் சொன்னபோது கூட்டம் கலையவில்லை. சீனா, அமெரிக்கா, பீரங்கி எல்லாம் அரிட்டாபட்டிக் கண்மாய்க் கரையில் சர்வசாதாரணமாகப் பேசப்பட்டது. படிக்காத ஜனம், புரியாது என்று சொல்பவர்களை அன்றைக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும்.

டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனங்கள் நடந்தே வந்தார்கள். 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வெடி போட்டார்கள், இனிப்புக் கொடுத்தார்கள், எங்கள் காணொளிகளிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்தக் கொண்டாட்டத்தைத்தான்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 4 அன்று சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது, அமெரிக்கா போட்ட வரிக்குப் பதிலடியாக. நான் உடனே எழுதினேன். இங்கே ஏலம் ரத்தானது நிஜம், உலகத்தில் அந்தக் கல்லுக்கு இருக்கும் பசி கூடியிருப்பதும் நிஜம், சட்டம் அப்படியே இருக்கிறது என்று. பார்த்தவர்கள் ரொம்பக் கம்மி. வெற்றி பெற்ற வாரத்தில் இப்படிப் பேசுவது அபசகுனம் என்று ஒருவர் கமெண்டும் போட்டார்.

ஆனால் அ.வல்லாளப்பட்டியிலிருந்து ஒருவர் போன் போட்டார். அந்த 24 கனிமங்களின் பட்டியல் தமிழில் இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் இருந்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, "இதுல கிராஃபைட் இருக்கே தோழர், அது சிவகங்கைப் பக்கம் எடுக்குறாங்கள்ல?" என்றார். எடுக்கிறார்கள், மாநில அரசின் டாமின் நிறுவனச் சுரங்கம் அங்கே இருக்கிறது. பேட்டரிக்குக் கிராஃபைட் வேண்டும், அதற்கும் சீனா 2023 டிசம்பரிலேயே ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். இந்த முறை அவர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்: "சிவகங்கைக்காரனுக்கு என்ன இருக்கு?" பஸ் செலவுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.