பருத்தித்துறை முத்துவைத் தேடி: குரோதி வருடம் கைவிட்டது

போன செவ்வாய்க்கிழமை இரவு பதினோரு மணிக்கு முத்து மறுபடியும் கைநழுவிப் போனார். ஒன்றரை வருடத் தேடலில் இவ்வளவு நெருக்கத்தில் வந்ததே இல்லை. பறவைகளின் அறிவியல் பெயர்களுக்குள் இருக்கும் ஆட்களைத் தேடி, ஆளுக்கொரு அட்டை போடுவது என் பொழுதுபோக்கு. மனம் ஆறவில்லை. அதனால்தான் அட்டையில் குறித்து வைப்பதோடு நிறுத்தாமல் இதை எழுதுகிறேன்.

பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானின் அறிவியல் பெயர் மஸ்கிகாப்பா முத்துயி (Muscicapa muttui). அந்த ‘முத்துயி’க்குள் இருப்பவர் நம்ம முத்துதான். இலங்கையில் அரசு வேலையில் இருந்த எட்கர் லியோபால்ட் லேயார்டிடம் வேலை பார்த்தவர். 1854இல் ‘ஆனல்ஸ் அண்ட் மேகசின் ஆஃப் நேச்சுரல் ஹிஸ்டரி’ இதழில் லேயார்டு இந்தப் பறவையை முதன்முதலாக விவரித்தபோது, தன்னோடு நெடுங்காலம் பற்றோடு இருந்த வேலைக்காரரின் பெயரைச் சூட்டினார். தன்னிடம் இருந்த நல்ல பறவைகளில் பலவும் அவருடைய பொறுமையாலும் விடாமுயற்சியாலும் கிடைத்தவை என்றும் எழுதினார். பறவை கிடைத்த இடம் யாழ்ப்பாணத்துக்கு வடகிழக்கே, பருத்தித்துறை. பின்னால் வந்த பெயர் அகராதிகள் முத்துவைச் சமையல்காரர் என்கின்றன. அடுப்படி வேலையும் பார்த்து, காட்டுக்கும் போய்ப் பறவை கொண்டு வந்தவர் என்றால் எனக்கு அவர் மேல் மரியாதை இன்னும் கூடத்தான் செய்கிறது.

நான் முதலில் பிடித்துக்கொண்டது அந்த முடிவெழுத்தைத்தான். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஆளைத் தேடும் முன் விகுதியைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு ‘இ’, பெண்ணுக்கு ‘ஏ’. பறவையியலாளர் ஜெர்டன் ‘ஜெர்டோனி’ ஆகிறார். முத்து ‘முத்துயி’ ஆகிறார். இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? முத்து என்பதன் கடைசி ‘உ’ குற்றியலுகரம். உயிரெழுத்து வந்து சேர்ந்தால் அது ஓடிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தமிழ்ப் புணர்ச்சிப்படி இங்கே ‘முத்தி’ என்றுதான் வந்திருக்க வேண்டும். முத்துவை ‘முத்துஸ்’ என்று லத்தீனாக மாற்றியிருந்தாலும் கடைசியில் ‘முத்தி’தான். லேயார்டு அப்படிச் செய்யவில்லை. கூப்பிட்ட பெயரை முழுசாக வைத்து, அதன் பின்னால் ‘இ’யை ஒட்டினார். நாம் வாய் திறந்தும் திறவாமலும் சொல்கிற அந்த அரை ‘உ’ 170 வருடமாக லத்தீனுக்குள் ஓடாமல் நிற்கிறது. அந்தப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கி, இரண்டு ‘டி’யையும் அதன் பின்னால் நிற்கும் ‘யு’வையும் நான் பார்த்துக்கொண்டே இருந்த இரவுகள் உண்டு. வால்பாறையில் கூட வந்த ஒரு வழிகாட்டி இதை ‘மட்டூயி’ என்றார். முத்து என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, எங்க தாத்தா பேருங்க!” என்றார்.

இரண்டு ‘டி’ இருப்பதும் ஒரு தடயம். இன்று நாம் ‘த்’துக்கு ‘டி-எச்’ போடுகிறோம். அந்தக் காலத்து இலங்கையில் இரட்டை ‘டி’ போடுவதும் உண்டு. ஆனால் கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியின் தந்தை சர் முத்து குமாரசுவாமி ஆங்கிலத்தில் தன் பெயரை ஒற்றை ‘டி’யோடு எழுதினார். எனவே எல்லாக் குமாஸ்தாவும் இரட்டை ‘டி’ போட்டார் என்று நம்பி உட்காரக் கூடாது. ஒற்றை ‘டி’, இரட்டை ‘ஓ’ போட்ட மூட்டூ, ‘எச்’ சேர்ந்த மூத்தூ எல்லாவற்றையும் தேட வேண்டும். பழைய அச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இரண்டு ‘டி’யில் ஒன்றை ‘எல்’ என்று படித்துவிடும். எனவே ‘முட்லு’ என்றும் ஒரு தடவை தேடுங்கள். என்னிடம் இப்படிப் பதினொரு எழுத்துக்கூட்டல் கொண்ட ஒரு சீட்டு இருக்கிறது, மடிக்கணினியின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

லேயார்டைத் தேடுவதில் நேர் எதிரான தொல்லை. அந்தப் பெயரில் ஆட்கள் அதிகம். அப்பா இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். உறவினர்கள் பலர் அதே வேலையில். அண்ணன் ஆஸ்டன் ஹென்றி லேயார்டு, பழைய அசீரிய நகரமான நிம்ரூத்தைத் தோண்டியவர். வெறும் லேயார்டு என்று போட்டால் அசீரிய இறக்கைக் காளைகள் வந்து குவியும். ‘ஈ. எல்.’ என்ற முதலெழுத்துகள் இல்லாமல் எதையும் நம்பாதீர்கள். இரண்டு மாதம் நான் சேர்த்த குறிப்புகளில் பாதியை இதற்காகவே கழிக்க வேண்டி வந்தது.

இந்த இடத்தில் ஒரு மனக்குறை. பழைய புத்தகப் பிரதி எடுத்துத் தருகிற ஒருவரிடம் அந்த இதழின் 13ஆம் தொகுதி கேட்டுப் பணம் கட்டினேன். ஆறு வாரம் கழித்து 12ஆம் தொகுதி வந்தது. லேயார்டின் கட்டுரைத் தொடர் 1853இலேயே தொடங்குவதால் அதிலும் அவர் எழுத்து இருந்தது. முத்துதான் இல்லை. திருப்பிக் கேட்டதற்குப் பதிலே கிடையாது. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் எல்லாத் தொகுதியும் இலவசமாகக் கிடக்கிறது. யாரும் காசு கொடுத்து ஏமாற வேண்டாம். உங்களுக்குத் தேவையான பக்கங்களை மட்டும் இறக்கி, நல்ல தாளில் அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். திரையில் தப்புகிற ஒற்றைப் புள்ளியும் காற்புள்ளியும் தாளில் கண்ணில் படும்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பருத்தித்துறையைச் சேர்ந்த ஒரு தம்பியோடு பறவைப் படங்கள் மூலம் பழக்கம். முத்துவைப் பற்றிச் சொன்ன முதல் நாளே அவர் எச்சரித்தார்: “முத்து எண்டால் முத்துக்குமாரு, முத்துத்தம்பி, முத்தையா, முத்துவேலு... வடமராட்சியில வளவுக்கொரு முத்து இருந்திருப்பார், அண்ணை.” உண்மைதான். முத்து என்பது கூப்பிடுகிற பெயர். உறுதியில் (சொத்துப் பத்திரத்தில்), கோயில் கணக்கில், தேவாலயப் பதிவேட்டில் அது அப்படியே இருக்காது. அவர் சைவர் என்றால் மிஷன் பதிவேட்டில் தேடி என்ன பயன்? பருத்தித்துறையில் வெஸ்லியன் மிஷன் 1838இலேயே பள்ளி தொடங்கிவிட்டது, இன்றைய ஹாட்லிக் கல்லூரி. அதனால் அந்தப் பக்கமும் ஒரு கண் வைத்திருந்தேன்.

போன மாதம் அந்தத் தம்பி அழைத்தார். “அம்மம்மான்ர பெட்டியுக்குள்ள ஒரு சாதக ஓலை கிடக்கு, அண்ணை. முத்து எண்டு பேர் இருக்கு. அவர் வெள்ளைக்காரத் துரையிட்ட வேலை செய்தவர் எண்டு அம்மம்மா சொல்லுறவ.” அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படம் அனுப்பினார். ஓரம் பூச்சி அரித்த ஓலை, மை தடவிய எழுத்து, புள்ளி வைக்காத மெய். படிக்க நான்கு இரவுகள் ஆயின. பெயர் சந்தேகமே இல்லாமல் முத்து. வருடம் குரோதி. மாதம் ஆவணி.

அறுபது வருடச் சுழற்சிதான் இங்கே பிடிகொடுக்காத இடம். குரோதி நமக்கு 2024இல் வந்தது. பின்னோக்கிப் போனால் 1964, 1904, 1844, 1784. லேயார்டு 1854இல் எழுதியபோது தன் இலங்கை வாசம் எட்டு ஆண்டு என்கிறார். ஆக முத்து வேலை பார்த்தது 1846ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும். 1844 என்றால் அவர் கைக்குழந்தை. 1784 என்றால் அறுபது தாண்டிய கிழவர். லேயார்டு ‘பழைய’ வேலைக்காரர் என்றுதானே எழுதினார், அது வயதையும் குறிக்கலாமே என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே வாதாடினேன். வெள்ளைத் தலையோடு ஒரு முதியவர், பனந்தோப்பின் ஓரத்தில் அசையாமல் நின்று ஒரு குருவியைப் பார்க்கிற காட்சி கண்ணில் வந்துவிட்டது. அது வந்த பிறகு விடவே மனமில்லை.

ஓலையில் தேதியோடு கிழமையும் நட்சத்திரமும் இருந்தன. பஞ்சாங்கக் கணக்குப் போடும் ஒரு செயலியில் இரண்டு ஆண்டுகளையும் வைத்துப் பார்த்தேன். செயலியை நம்பாமல் கையாலும் கணக்குப் போட்டேன். கிழமை, தேதி, நட்சத்திரம் மூன்றும் ஒன்றாகப் பொருந்தியது 1844க்குத்தான். அந்தக் குழந்தை முத்து வளர்ந்து வேறு ஏதோ துரையிடம் வேலை பார்த்திருக்கிறார். நம் ஆள் இல்லை. தம்பியிடம் சொன்னபோது சில நொடி பேச்சே இல்லை. பிறகு, “பரவாயில்லை அண்ணை, ஓலையைப் படிச்சுத் தந்தியள். அம்மம்மா சந்தோசப்படுவா” என்றார். அவர் குடும்பத்துக்கு அந்த முத்து கிடைத்துவிட்டார்.

ஓலைச் சாதகத்தோடு வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வருடப் பெயரைப் பார்த்ததும் துள்ளாதீர்கள். கிழமை இல்லாத ஓலையை வைத்து ஆண்டை முடிவு கட்டாதீர்கள். அறுபது வருடங்களைப் பிரித்துக் காட்டுகிற நம்பகமான சாட்சி கிழமை, நட்சத்திரமும் கூட இருந்தால் இன்னும் நல்லது.

நடுவில் பார்பராவைப் பற்றியும் கொஞ்சம். லேயார்டு கிளி என்று சொல்கிறோமே, இலங்கையில் மட்டும் வாழும் கிளி, அதன் அறிவியல் பெயர் கணவரைக் குறிப்பதில்லை. ‘கல்த்ராப்பே’ (calthrapae) என்று பெண்பால் விகுதியோடு முடிகிறது. லேயார்டின் மனைவி பார்பரா, பிறந்த வீட்டுப் பெயர் கல்த்ராப். கல்கத்தாவிலிருந்து பறவையியலாளர் எட்வர்ட் பிளைத் 1849இல் அந்தப் பெயரை வைத்தார். பார்பராவின் பிறந்த வீட்டுப் பெயரில் ஆங்கில ‘ஓ’ வர வேண்டிய இடத்தில் ‘ஏ’ அச்சாகிவிட்டது. பெயரிடல் விதி அதைத் திருத்த விடவில்லை, பிழையோடுதான் இன்றும் நிற்கிறது. நம் ஊரில் ஓடைக்கரையில் பாடுகிற டிக்கல் நீல ஈப்பிடிப்பானும் அப்படித்தான்: ‘டிக்கெல்லியே’ என்ற விகுதி பெண்ணுக்கு உரியது. ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ராணுவ அதிகாரி டிக்கலின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. விகுதியைப் பாருங்கள், அங்கே ஒரு பெண் இருக்கிறார்.

2023 நவம்பரில் அமெரிக்கப் பறவையியல் சங்கம், தன் எல்லைக்குள் வரும் பறவைகளின் ஆங்கிலப் பெயர்களில் இருக்கும் ஆட்பெயர்களை எல்லாம் எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்ல முத்துவே போதும். இந்த ஈப்பிடிப்பானை ஒரு காலத்தில் லேயார்டின் பெயரால் அழைத்தார்கள். இப்போது ஆங்கிலத்திலும் பழுப்பு மார்புதான். துரையின் பெயர் போய்விட்டது, முத்துவின் பெயர் அறிவியல் பெயரில் இருப்பதால் அசையவில்லை. ஆனால் எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. 1848இல் பெயர் பெற்று, 1900க்குப் பிறகு காணாமல் போன ஜெர்டன் கல்குருவி 1986இல் கடப்பாப் பக்கம் திரும்பக் கிடைத்தபோது, அதைக் கையில் பிடித்தவர் ஐத்தன்னா என்ற உள்ளூர்க்காரர். அவர் பெயரில் பறவை ஏதும் இல்லை. அவருக்கு ஒரு அட்டை போட்டிருக்கிறேன். முத்துவின் அட்டைக்கு அடுத்தது.

பறவையை நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலைத் துண்டு, ஜனவரி மாத மாலை, வெளிச்சம் மங்கும் நேரம். முழங்கால் உயரக் கிளையில் ஒரு சின்ன உருவம். முதலில் சாதாரணப் பழுப்பு ஈப்பிடிப்பான் என்றுதான் நினைத்தேன். காலைப் பார்த்தேன், வெளிர் மஞ்சள். கீழலகும் மஞ்சள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மார்பில் நீர் பட்ட மண் மாதிரி ஒரு பட்டை. ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கிளைக்குத் திரும்பி வந்தது. திரும்பவும் போனது, திரும்பவும் வந்தது. வடகிழக்கு இந்தியாவிலும் அதற்கு அப்பாலும் கூடு கட்டிவிட்டு, குளிருக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை இது. இந்த நிழலில் உட்காருவதைப் பருத்தித்துறையின் வெயிலில் கண்டெடுக்க எவ்வளவு கூர்மையான கண் வேண்டும்! இருட்டும் வரை நின்றேன். “முத்து” என்று மெதுவாகச் சொல்லியும் பார்த்தேன்.

அடுத்து கெலார்ட். கருந்தொண்டைச் சில்லையின் ‘கெலார்ட்டி’. ஜெர்டன் 1863இல் வைத்த பெயர். எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் 1819இல் மாத்தறையில் பிறந்த பறங்கியர் (இலங்கையின் ஐரோப்பிய வம்சாவளியினர்), மருத்துவர், 1860இல் கப்பலிலேயே இறந்தார். பறங்கியர் குடும்பங்கள் வம்ச வரலாற்றை ஒழுங்காக எழுதி வைப்பவர்கள் என்பதால் இந்த வேலை வேகமாக ஓடும். அட்டை போட்டாயிற்று, இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது.

முத்துவின் அட்டையில் இன்னும் ஐந்து வரிதான். லேயார்டு 1854இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், அடுத்த வருடம் கேப்டவுன் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார். அவரோடு கப்பலேறியவர்களில் முத்துவும் உண்டா என்று பார்க்க வேண்டும். அதற்கு கேப்டவுன் வந்திறங்கிய கப்பல்களின் செய்தித்தாள் பட்டியல்கள் வேண்டும். வேலைக்காரர்களைப் பெயர் போடாமல் ‘ஒரு வேலையாள்’ என்றுதான் அச்சிட்டிருப்பார்கள், ஆனாலும் எண்ணிக்கை இருக்குமே. தம்பி தன் பங்குக்கு வேறு ஒரு வழி சொன்னார்: பருத்தித்துறையில் பழைய உறுதிகளை வைத்திருக்கும் ஒரு நொத்தாரிசு (பத்திரம் எழுதிப் பதிபவர்) குடும்பம் அவருக்குத் தெரியுமாம். பழைய பெட்டிகளைத் திறக்கச் சம்மதித்திருக்கிறார்கள். எந்த எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும் என்று கேட்டார். தமிழில்தானே எழுதியிருப்பார்கள், முத்து என்று தொடங்கும் எல்லாவற்றையும் எடுங்கள் என்றேன். 1840க்கும் 1860க்கும் நடுவில் கையெழுத்தானவை. கைநாட்டாக இருந்தாலும் சரி.