ஐ.பி. முகவரிகளுக்கு ஒரு சரியான இருப்பிடம்

ஜூன் 3

நூலகத் தளத்தின் வருகைப் பதிவு அட்டவணை என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. ஐ.பி. முகவரிகள் அனைத்தும் வெறும் எழுத்துச் சரங்களாகக் கிடக்கின்றன. வரிசைப்படுத்தினால் 192.0.2.10 முன்னே, 192.0.2.9 பின்னே. ஒரு வலையமைப்பிலிருந்து வந்தவர்களைத் தேட முன்னொட்டைப் பொருத்திப் பார்க்கிறார்கள். முகவரியின் முதல் 24 பிட் பொதுவாக உள்ள /24 வலையமைப்பு என்றால் அது ஒப்பேறும். /20 என்றால் எல்லை எந்தப் புள்ளியிலும் நிற்காது. நாங்கள் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஐ.பி. முகவரிக்கென்றே இனெட் என்ற தரவு வகை இருக்கும்போது இந்த நிலை எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 4

வகையை மாற்றும் கட்டளை, செல்லாத மதிப்பு ஒன்று எதிர்ப்பட்டாலும் முழுவதுமாக நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் 16ஆம் பதிப்பில் வந்த பிஜி_இன்புட்_ஈஸ்_வேலிட் செயற்கூறு இங்கே பெரிய உதவி: தகராறு செய்யும் வரிசைகளை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. வெற்றுச் சரங்களை 'நல்' (NULL, மதிப்பே இல்லை) ஆக்கினேன். காற்புள்ளியிட்டுப் பல முகவரிகள் அடுக்கிய வரிசைகளும் இருந்தன. ப்ராக்ஸி, அதாவது இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் சேவையகம், அனுப்பிய தலைப்பு வரியை (ஹெடர்) அப்படியே சேமித்திருக்கிறார்கள். அதில் முதல் முகவரியை எவரும் பொய்யாக எழுதி அனுப்பலாம். நம்முடைய ப்ராக்ஸி கடைசியில் சேர்த்ததை மட்டுமே நம்பினேன்.

ஜூன் 6

தடைப்பட்டியலுக்கு, வலையமைப்புகளைக் குறிக்கும் சிடர் வகை. 198.51.100.7/24 என்று கொடுத்தால் இனெட் ஏற்றுக்கொள்கிறது. சிடர் பிழை என்று திருப்பி அனுப்புகிறது, மாஸ்க்குக்கு (இங்கே முதல் 24 பிட்) வலப்புறம் எல்லா பிட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதால். வலையமைப்பை எழுதும் இடத்தில் இந்தக் கண்டிப்பு வேண்டும். "இதற்குள் அடங்குமா" என்ற கேள்வி இப்போது <<= என்ற ஒரே குறியில் முடிகிறது. இந்தத் தேடலை வேகமாக்கும் ஜிஸ்ட் இன்டெக்ஸில், இனெட்_ஆப்ஸ் என்ற செயற்குறித் தொகுதியை வெளிப்படையாகக் குறிப்பிட்டாக வேண்டும்.

ஜூன் 7

தரவுத்தளம் சீரானது, நிரல்களில்தான் வேலை மிச்சம். பைத்தான் நிரலைப் போஸ்ட்கிரெஸுடன் இணைக்கும் சைக்காப்ஜியின் 2ஆம் பதிப்பு இனெட் மதிப்பைச் சரமாகத் தந்தது. 3ஆம் பதிப்போ பைத்தானின் ஐபிஅட்ரஸ் பொருளாகத் தருகிறது. அதைத் தரவுப் பரிமாற்ற வடிவமான ஜேசன் ஆக்கும்போது பிழை வருகிறது. அது நல்லது, கண்ணில் பட்டுவிடும். சரத்தோடு ஒப்பிடும் இடங்களே ஆபத்தானவை. முகவரி ஒன்றாகவே இருந்தாலும் ஒப்பீடு சத்தமில்லாமல் பொய் என்று விடை தரும்; அனுமதிப் பட்டியலில் உள்ளவர் வெளியே நிற்பார். ஒப்பீடுகளையெல்லாம் தேடி, இருபுறமும் பொருளாக்கினேன்.

சரம்தான் வேண்டும் என்றால் வினவலிலேயே, முகவரியை மட்டும் சரமாகத் தரும் ஹோஸ்ட் செயற்கூறைக் கேட்க வேண்டும். டெக்ஸ்ட் வகைக்கு மாற்றினால் வாலில் /32 ஒட்டிக்கொண்டு வருகிறது. சாதாரண வெளியீட்டில் அது தெரியாது என்பதால் பலர் இங்கே தடுமாறுகிறார்கள்.

ஜூன் 10

ஒரே பயனர் இரண்டு பேராகப் பதிவாகியிருந்தார். ஐ.பி.யின் பழைய பதிப்பான ஐபிவி4, புதிய பதிப்பான ஐபிவி6 இரண்டையும் ஒரே சாக்கெட்டில் (இணைப்பு வாயிலில்) கேட்கும் சேவையகம், ஐபிவி4 முகவரியை ஐபிவி6 உறையில் போட்டுத் தருகிறது. எந்தப் பதிப்பு என்று சொல்லும் ஃபேமிலி செயற்கூறு 6 என்கிறது, 192.0.2.0/24க்குள் அடங்குமா என்றால் இல்லை என்கிறது. பதிவதற்கு முன்பே பைத்தான் பொருளின் ஐபிவி4_மேப்டு பண்பைப் பார்த்து உறையைப் பிரிக்கும்படி நிரலைத் திருத்தினேன்.

அடுத்தது வேகக் கட்டுப்பாடு, அதாவது ஒருவர் அனுப்பும் கோரிக்கைகளை எண்ணி வரம்பிடுவது. ஐபிவி6இல் ஒரு வீட்டுக்கே /64 கிடைக்கும்போது தனி முகவரியை எண்ணிப் பயனில்லை. செட்_மாஸ்க்லென் கொண்டு மாஸ்க் நீளத்தை 64ஆக்கி, நெட்வொர்க் செயற்கூறால் தொகுக்கும் வினவலை எழுதிவிட்டேன். நாளை சோதனைச் சேவையகத்தில் ஏற்ற வேண்டும்.