வேலி மாமாவும் என் முதல் ஓட்டும்

எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவருக்கு என் மனைவி வைத்த பெயர் வேலி மாமா. இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்கிற ஊரில் நாங்கள் குடியேறிய புதிதில், இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிற மரவேலிக்கு மேல் அவருடைய தலை மட்டும்தான் தெரியும். அந்தத் தலை பேசிக்கொண்டே இருக்கும். "இன்னிக்கு வெயில் பரவாயில்ல" என்று ஆரம்பித்து, மூன்றாவது வாக்கியத்தில் அரசாங்கத்துக்கு வந்துவிடும். வெயிலுக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் நடுவில் என்ன குறுக்குவழி என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். (அவர் பேசுவது இங்கிலீஷ்தான். என் காதில் அது எங்கள் பெரியப்பா குரலில் விழுகிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.)

ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். 1986-ல் பட்டறையை மூடினார்கள். அப்புறம் ஊர் எல்லையில் இருந்த ஹோண்டா கார் தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். 2021-ல் அதையும் மூடிவிட்டார்கள். பழைய பட்டறைக் கட்டடத்தில் இப்போது பெரிய பெரிய கம்பெனிகளின் துணிக்கடைகள். என் மனைவி ஒருமுறை அங்கே தள்ளுபடியில் கோட்டு வாங்கி வந்தாள். பையைப் பார்த்த வேலி மாமா, "எந்தக் கடை? அந்தப் பெரிய தூண் பக்கமா? அங்கதான் எனக்கு முதல் சம்பளம்" என்றார். வேலை பார்த்த இரண்டு இடத்திலும் பூட்டு விழுந்த மனிதர் அரசியல்வாதிகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வார் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அவரும் யாரையும் ஏமாற்றுவதில்லை.

இவர் எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க நான் ரொம்ப நாள் பாடுபட்டேன். ரயிலை அரசாங்கமே நடத்த வேண்டும் என்பார். 1989-ல் தாட்சர் அம்மையார் காலத்தில் தண்ணீர் விநியோகத்தைத் தனியாருக்கு விற்றதை ஏதோ போன வாரம் நடந்ததுபோலத் திட்டுவார். "ஆத்துல சாக்கடையை விடுறான், அதுக்கு நான் பில்லு கட்டணுமாம்!" சரி, லேபர் கட்சிக்காரர் என்று முடிவு கட்டுவேன். மறு வாரமே வரியைக் குறைக்க வேண்டும், திருடனை உள்ளே போட்டுச் சாவியைத் தொலைக்க வேண்டும், சும்மா இருக்கிறவனுக்கு உதவித்தொகை எதற்கு என்பார். ஓஹோ, கன்சர்வேட்டிவ். அதற்கடுத்த வாரம், மான்செஸ்டருக்கு வரவேண்டிய அதிவேக ரயில் பாதையை ரத்து செய்வதாக அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் 2023-ல் மான்செஸ்டருக்கே போய் மேடையேறிச் சொன்னதை நினைத்து, வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "கல்யாணத்தை நிறுத்துறவன்கூட போன்லதான் சொல்லுவான். இவன் பொண்ணு வீட்டுக்கே போய், சாப்பிட்டுட்டுச் சொல்லியிருக்கான்!"

2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற ஓட்டுப் போட்டவர். ஸ்விண்டனிலும் அந்தப் பக்கம்தான் பெரும்பான்மை. ஒவ்வொரு கோடையிலும் ஸ்பெயினில் பெனிடார்ம் போய்ச் சிவக்கச் சிவக்க வெந்து திரும்புவது அவர் வழக்கம். இப்போது அங்கே இறங்கினால் ஐரோப்பியர்களின் வரிசை நகர்கிறது, இவர் நிற்கிற வரிசை நகர மாட்டேன் என்கிறது. "எங்களையும் வெளிநாட்டுக்காரன்னு தனியா நிக்க வெச்சு முத்திரை குத்துறான்" என்று வந்து புலம்பினார். வெளியே வந்தவன் வெளியாள்தானே என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. என் மனைவி காலை மிதித்தாள்.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் ரொம்ப வந்துவிட்டார்கள் என்பது அவருடைய இன்னொரு நிரந்தரக் குறை. சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்து, "உங்களைச் சொல்லல" என்பார். இடுப்பு மூட்டு மாற்றிய மலையாளி டாக்டரும் அதில் சேர்த்தி இல்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் கையைப் பிடித்து நடக்கவைத்த பிலிப்பைன்ஸ் நர்ஸ், ஹோண்டாவில் கூட வேலை பார்த்த கோவாக்காரர், முடி வெட்டுகிற துருக்கிக்காரர், வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும் பொரித்துத் தருகிற சைப்ரஸ் குடும்பம், இவர்கள் யாரும் சேர்த்தி இல்லை. கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது டிவியில் வருகிறவர்கள் மட்டும்தான்.

என்.ஹெச்.எஸ். என்கிற அரசாங்க மருத்துவ சேவை விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போன் அடித்தால் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று ஒரு குரல் சொல்லும், அப்புறம் இசை ஓடும். அந்த இசையை அவர் முழுசாகப் பாடிக் காட்டுவார். ஆனால் நானும் சேர்ந்து ஒரு வார்த்தை குறை சொன்னால் முகம் மாறிவிடும். 1847-லேயே இந்த ஊர் ரயில்வே தொழிலாளிகள் சம்பளத்தில் ஒரு பிடித்தம் கொடுத்துத் தங்களுக்கென்று மருத்துவ நிதி ஏற்படுத்திக்கொண்டவர்கள். டாக்டர், ஆஸ்பத்திரி, பல் வைத்தியம், நீராவிக் குளியல் வரைக்கும் அதில் இருந்தது. என்.ஹெச்.எஸ். வந்தது 1948-ல். "லண்டன்காரன் ஒண்ணும் கண்டுபிடிக்கல. எங்களைப் பாத்துக் காப்பியடிச்சான். காப்பியடிச்சதையும் ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல" என்பது வேலி மாமாவின் சரித்திரம். முதல் பாதிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு.

இத்தனை இருந்தும் அவருடைய அரசியலில் பாதிக்கு மேல் கவுன்சில் விவகாரம். எந்தக் குப்பைத்தொட்டி எந்த வாரம், வீதிக் குழியை யார் அடைப்பது, எதிர்வீட்டுப் புதர் நடைபாதைக்கு எத்தனை அங்குலம் வந்திருக்கிறது. கவுன்சில் வரி என்றால் இன்னும் சூடு. இங்கிலாந்தில் அந்த வரி, வீடு 1991 ஏப்ரலில் என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்துத்தான் இன்றைக்கும். எங்கள் தெரு வீடுகள் அப்போது கட்டப்படவே இல்லை, இங்கே வெறும் வயல்தான். அதனாலென்ன, இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று ஓர் அதிகாரி கற்பனை செய்து வரி போட்டிருக்கிறார். நான் முதலில் நம்பவில்லை. "நான் பொய் சொல்லுவேன், கவுன்சில் பேப்பர் சொல்லுமா?" என்று உள்ளே போய்க் காகிதத்தையே எடுத்து வந்து காட்டினார்.

பிரதமர் வீடு இருக்கிற டவுனிங் தெருவில் அவர் மதிக்கிற ஒரே ஜீவன் லாரி. 2011-லிருந்து அங்கே எலி பிடிக்கும் உத்தியோகத்தில் இருக்கிற பூனை.

2024 மே 22-ம் தேதி சுனக் அந்தத் தெருவில் கொட்டுகிற மழையில் குடைகூட இல்லாமல் நின்று, ஜூலை 4-ல் தேர்தல் என்று அறிவித்தார். கோட்டு தொப்பலாக நனைந்தது. அன்று மாலை வேலி மாமா, "இந்த நாட்டுல பொறந்து வளர்ந்தவன், கைல குடை வேணாமா?" என்றார். அப்போதுதான் நானும் இந்தத் தடவை ஓட்டுப் போடப் போகிறேன் என்று வாய்விட்டேன்.

"உங்களுக்கு இந்த ஊர் சிட்டிசன்ஷிப் வந்துருச்சா?"

"இல்ல. இந்தியன் பாஸ்போர்ட்தான்."

காமன்வெல்த் நாட்டுக்காரன் இங்கே சட்டப்படி வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுண்டு என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஹோண்டாவுல என்கூட இருந்த கோவாக்காரன்?" அவர் போர்ச்சுகீசியப் பாஸ்போர்ட்டில் வந்தவர். ஸ்விண்டனில் அப்படி வந்த கோவாக்காரர்கள் நிறைய. ஐரோப்பியர் கணக்கில் வருவதால் உள்ளூர்த் தேர்தலோடு சரி, நாடாளுமன்றத்துக்குப் போட முடியாது. ஆக, நேராக இந்தியாவிலிருந்து வந்த எனக்கு ஓட்டு, லிஸ்பன் வழியாகச் சுற்றி வந்தவருக்கு இல்லை. வேலி மாமா தலையைப் பிடித்துக்கொண்டார். "இதை யாருய்யா எழுதினான்?" உங்கள் ஆட்கள்தான் என்றேன்.

தேர்தல் வந்த மாதிரியே தெரியவில்லை. ஆட்டோ இல்லை, மைக் இல்லை, சுவரில் சின்னம் இல்லை. கதவு இடுக்கு வழியாகத் துண்டுச்சீட்டுகள் மட்டும் விழுந்தன. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஏதோ ஒரு ரோட்டுக் குழியைச் சோகமாக விரல் நீட்டிக் காட்டுகிற படம். எந்தக் கட்சிக்கு எந்தக் குழி என்று வேலி மாமாவுக்கு மனப்பாடம். "இது நம்ம பள்ளிக்கூடத்துக் குழி. ரெண்டு பேர் இதையே படம் எடுத்துருக்கான்."

ஸ்விண்டனுக்கு ஒரு பெருமை உண்டு. 1997-லிருந்து ஊரின் இரண்டு தொகுதிகளும் எந்தக் கட்சிக்குப் போகின்றனவோ அந்தக் கட்சிதான் நாட்டிலும் ஜெயிக்கிறது. அதனால் தலைவர்கள் இங்கே ஓடி வருவார்கள். 2015-ல் அப்போதைய பிரதமர் கேமரூன் தேர்தல் அறிக்கையையே இங்கே வைத்துத்தான் வெளியிட்டார். "வந்து ஃபோட்டோ எடுத்துப்பானுங்க. மேஜிக் ரவுண்டபௌட்ல திரும்பிப் போகத் தெரியாது" என்பார். ஐந்து சின்ன வட்டங்கள் ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி நிற்கிற அந்தச் சாலைச் சந்திப்பு 1972-லிருந்து இருக்கிறது. நடு வட்டத்தில் வண்டிகள் எதிர்த்திசையில் சுற்றும். அரசாங்கம் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

ஜூலை 4 வியாழக்கிழமை. தேர்தல் என்பதற்காக விடுமுறை கிடையாது. நம் ஊரில் அன்றைக்கு டாஸ்மாக்கை மூடுவார்கள். இங்கே சில ஊர்களில் பப்பிலேயே வாக்குச்சாவடி வைக்கிறார்கள் என்றதும் நான் ஆசையாகக் கேட்டேன். எங்களுக்கு வாய்த்தது சர்ச் கூடம். நான் ஆபீசிலிருந்து திரும்பி வந்ததும் வேலி மாமாவும் நாயும் வாசலில் தயாராக நின்றார்கள். ஓட்டுப் போடும் இடத்துக்கு நாயையும் அழைத்துப் போய் வாசலில் கட்டிப் படம் எடுப்பது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது. அவருக்குக் கழுத்துக்குக் கீழே இருந்த உடம்பு அன்று கோட்டு, டை எல்லாம் போட்டிருந்தது. வழியெல்லாம் எனக்குப் பாடம். எல்லாரும் திருடர்கள். ஓட்டுப் போட்டு ஒன்றும் ஆகாது. ஆனால் போடாமல் இருப்பவனுக்குக் குறை சொல்ல உரிமை கிடையாது.

உள்ளே இரண்டு பெண்கள், ஒரு மேஜை, ஒரு மர அளவுகோல். அளவுகோலை வைத்து என் பெயரைத் தேடி, அடையாள அட்டை கேட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துச் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது வேலி மாமா.

"அடையாள அட்டை?"

"நான்தான். என்னைத் தெரியாதா உனக்கு?"

அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருக் கோடி வீடு. கிறிஸ்துமஸுக்கு இருவரும் வாழ்த்து அட்டை மாற்றிக்கொள்கிறவர்கள். "தெரியும். ஆனா அட்டை வேணும்" என்றார். புகைப்பட அடையாளம் இல்லாமல் ஓட்டு இல்லை என்று 2022-ல் சட்டம் போட்டாகிவிட்டது. பிரதமராக இருந்து அதைக் கொண்டுவந்த போரிஸ் ஜான்சனே 2024 மே மாதம் உள்ளூர்த் தேர்தலுக்கு அட்டை இல்லாமல் போய், திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வந்து போட்டார். அதை வேலியில் சாய்ந்தபடி எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் இதே மனிதர்.

முகம் பெனிடார்ம் நிறத்துக்குப் போனது. "நாப்பது வருஷத்துக்கு மேல ஓட்டுப் போடுறேன். எவனும் பேப்பர் கேட்டதில்ல. நான் இந்த ஊர்லயே பொறந்தவன்." பிறகு என்னைக் காட்டி, "இவருக்குக் குடுத்துட்டீங்க!" என்றார். "அவர் பாஸ்போர்ட் கொண்டுவந்தார்" என்றார் அந்த அம்மாள், ரொம்ப மரியாதையாக.

அவர் வீட்டுக்கு நடக்க, நாயைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். முன்னதாகத் தடுப்புக்குள் போய், நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால் பெருக்கல் குறி போட்டு முடித்திருந்தேன். விரலில் மை இல்லை. ஊருக்கு அனுப்ப ஒரு படம்கூடத் தேறவில்லை, நாயோடு எடுத்ததைத் தவிர. வேலி மாமா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கையில் முதியோர் இலவச பஸ் பாஸ். அது செல்லும்.

யாருக்குப் போட்டீர்கள் என்று திரும்பும் வழியில் கேட்டுவிட்டேன். நடை நின்றது. அரசாங்கம், அரசகுடும்பம், அண்டைவீட்டுப் புதர் எல்லாவற்றைப் பற்றியும் வாய் ஓயாத மனிதர், "அதெல்லாம் கேக்கக் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

லேபர் ஜெயித்தது. ஸ்விண்டன் இரண்டும் வழக்கம்போலவே ஜெயித்த பக்கம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு நாற்காலி கிடைத்திருக்கிறது என்று அவர் அதற்கும் ஒரு மாலை முழுக்கத் திட்டினார். ஜூலை முடிவதற்குள் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், ஓய்வூதியர்களின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை இனி வறியவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தார். வேலி மாமா வீட்டுக்கு 200 பவுண்டு போச்சு. தலை வேலிக்கு மேல் வந்தது. வெயில் பற்றிப் பேச்சே இல்லை.

"உங்க ஆளு பண்ணினதைப் பாத்தீங்களா?"

"நான் யாருக்குப் போட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கேக்கல. கேக்குறது மரியாதை இல்ல. ஆனா உங்க ஆளுதான்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அரசாங்கத்தின் ஸ்விண்டன் கிளை அலுவலகம் நான்தான். தபால் தாமதமானால் நான், ரயில் நின்றால் நான். 2025 ஜூனில் அரசாங்கம் பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள ஓய்வூதியர்களுக்கு அந்தப் பணம் உண்டு என்றது. சரி, இப்போதாவது என் ஆளுக்கு நல்ல பெயர் வரும் என்று நானே வேலிப் பக்கம் போனேன்.

"பணம் திரும்ப வருதாமே?"

"வருது, வருது. யார் பணம்? உங்க வரிப்பணம். வேலைக்குப் போற பசங்க தலையில கட்டுறானுங்க. நீங்க சும்மா விடக்கூடாது. எம்.பி.க்கு ஒரு லெட்டர் போடுங்க, நான் சொல்றேன், எழுதிக்குங்க."

எழுதினேன். நான்கு பத்தி வந்தது. நான்கிலும் பள்ளிக்கூடத்துக் குழிதான் இருந்தது.